ஆடி மாதத்துப் பனி

வாலாட்டிக் குருவி வருஷாவருஷம் பங்குனியில் இமயமலைக்குப் போய்ப் புரட்டாசியில் திரும்புகிறது. அந்த மரியாதைக்காகவே, புழு நெளியும் குளத்துச் சேற்றை மற்றக் குருவிகள் அதற்கென்று விட்டுவைத்திருந்தன. இந்த வருஷம் சோம்பல்பட்டு, பக்கத்து ஏரியிலேயே தங்கிவிட்டதை வாலாட்டி யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, அதுவும் தையல்சிட்டும் ஒரே வலையில் சிக்கின. பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய அவற்றின் காலில் எண் வளையம் போடுகிறவர் இரண்டையும் தனித்தனித் துணிப்பையில் இட்டுக் கொடியில் தொங்கவிட்டார்.

"பயப்படாதே. பனிப்புயலையே பார்த்தவன் நான்," என்றது வாலாட்டியின் பை.

"உங்களுக்கென்ன அண்ணாச்சி, நாலு ஊர் கண்டவர்," என்றது தையல்சிட்டின் பை.

அவர் வாலாட்டியை வெளியே எடுத்தார். காலில் பழைய வளையம் இருந்தது. எண்ணைப் படித்து நோட்டைப் புரட்டினார்.

"அட, ஆடியில பக்கத்து ஏரியில மாட்டினவன். நீ இமயமலைக்கே போகலையா?"

வாலாட்டி மெல்லத் திரும்பி மற்றப் பையைப் பார்த்தது. பை அசையவே இல்லை.

விட்டதும் இரண்டும் ஒரே கிளையில் உட்கார்ந்து இறகு கோதின.

"அண்ணாச்சி," என்றது தையல்சிட்டு, "ஆடியில ஏரிப் பக்கம் பனி எப்படி?"

வாலாட்டி வாலை ஒருமுறை ஆட்டியது.

"இந்த வருஷம் கொஞ்சம் குறைச்சல்தான்," என்றது.

பிறகு யாரும் சொல்லாமலே, குளத்துச் சேற்றை விட்டுவிட்டுக் காய்ந்த கரைப் பக்கம் போய் இரை தேடத் தொடங்கியது.