பாலத்தின் மேல் பழி

“லென், மைக்குல ‘போயிட்டு வரேன்’னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா என் வேலை போயிடும்” என்றாள் மோரீன். லென் வார்டிலின் காலை வானொலி நிகழ்ச்சியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இருபது வருஷமாக நடத்திக் கொடுப்பவள்.

“ஒரு நன்றிகூடவா சொல்லக் கூடாது?”

“மூச்! நன்றி, கண்ணீர், கடைசிப் பாட்டு, எதுவும் கூடாதாம். வழக்கம்போல மணி சொல்லணும், மழை சொல்லணும், பத்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பணும். நாளையிலேருந்து எல்லாம் லண்டன்லேயே பதிவு பண்ணி அனுப்பிடுவாங்களாம். மேலிடத்து ஆளு ஃபிஞ்ச் நேத்தே வந்து இறங்கிட்டார். நீங்க ஏதாவது ஆரம்பிச்சா பட்டனை அமுக்கி வெட்ட வேண்டியது நான். அமுக்கலைன்னா எனக்கும் கல்தா.”

கடைசி நாள் இப்படியா முடியணும் என்றிருந்தது லென்னுக்கு. நாற்பத்தோரு வருஷம்! ஒரு பெட்டி இசைத்தட்டோடு ஹல் நகரத்துக்கு வந்தபோது அவரை யாருக்குத் தெரியும்? முதல் வாரமே தட்டை வேகம் மாற்றிச் சுழலவிட்டு, பாடகியை ஆம்பிளைக் குரலில் பாட வைத்தார். வேறு ஊராக இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். இந்த ஊர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுநாளும் அவரையே கேட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், முகம் தெரியாத ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் சூடான சூப்பை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனால் நானும் ஒரு மனுஷனா என்று நினைத்தார். ஆனால் மோரீனின் பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருக்கின்றன. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எட்டரை மணி. ஹெடன் சாலையில வண்டியெல்லாம் ஊர்ந்துக்கிட்டிருக்காம். வேறென்ன, பாலத்தைத் தூக்கிட்டாங்க போல! வந்த வழியே திரும்பிப் போயிடுங்க, மக்களே.”

கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற பாலம் அது. ஹல்லில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் பழி அதன் மேல்தான்.

அடுத்த பாட்டு முடிவதற்குள் போன் அடித்தது. “லென் அண்ணே, நான் பாலத்துலேருந்து பேசறேன். சும்மா எங்க தலையை உருட்டாதீங்க. பாலம் காலையிலேருந்து படுத்துதான் கிடக்கு!”

“அப்ப நெரிசல் எதனாலப்பா?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே ரேடியோ!”

லென் சிரித்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு மோரீன் இன்னொரு துண்டுத் தாளை நீட்டினாள். ஹோல்டர்னஸ் சாலையும் அடைத்துக்கொண்டதாம். “திரும்பிடுங்க, சொன்னாக் கேளுங்க” என்று வாசித்துவிட்டு, மைக்கை அணைத்தார். “நான் எந்த பஸ்ஸைப் பிடிச்சு வீடு போய்ச் சேர்றது?”

“நீங்களாவது பரவாயில்லை. ஃபிஞ்ச் நடுரோட்டுல டாக்ஸிக்குள்ள மாட்டிக்கிட்டுக் குதிக்கிறார்.”

லென்னின் கண் மின்னியது. “அப்படின்னா அவர் இங்க வரப்போறதில்லை...”

“ஆசையைப் பாரு! டாக்ஸியில ரேடியோ ஓடுது. நீங்க விடுற மூச்சைக்கூட கேட்டுக்கிட்டிருக்கார்.”

ஒன்பதரைக்கு நெரிசல் ஆற்றைத் தாண்டி நகர நடுவுக்கே வந்துவிட்டது. குழாய் வெடித்திருக்குமோ, கால்பந்து ஆட்டமோ என்று லென் என்னென்னவோ ஊகித்துப் பார்த்தார். காலை நேரத்தில் எவன் பந்து ஆடுவான்? “இந்தப் பக்கமே வராதீங்க, திரும்பிப் போயிடுங்க” என்று மூன்றாம் தடவையும் கெஞ்சினார்.

பத்து மணி நெருங்கியது. கண்ணாடிக்கு அப்பால் மோரீனின் விரல் பட்டன் மேல் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“மணி பத்து” என்றார் லென். “மழை தூறுது. குடையை மறந்துடாதீங்க.”

அவ்வளவுதான். மைக்கை அணைத்தார், கோட்டை மாட்டினார், மோரீனைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். படியிறங்கும்போது நன்றிகெட்டவன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

தெருக்கதவைத் திறந்தார். ஒரே ஹாரன் சத்தம்!

மீன் லாரி, பால் வண்டி, பள்ளிக்கூட பஸ், கார்கள் என்று தெரு கொள்ளாமல் நின்றன. குடை பிடித்தவர்களும் நனைந்தவர்களும் நடைபாதையில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நின்ற லாரியிலிருந்து ஒரு தடியன் தலையை நீட்டினான்.

“என்னப்பா இது? பாலமா?” என்றார் லென்.

“பாலமாவது கீலமாவது! உங்க லண்டன் துரை நேத்து மீன் வறுவல் கடையில நின்னுக்கிட்டு, ‘கிழவனுக்கு நாளையோட கடைசி’ன்னு போன்ல கத்தினார். ஊர் பூரா பரவிடுச்சு. கையாட்டி அனுப்பி வைக்க வந்தோம்.”

லென்னின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. “நன்றி” என்றார். மைக் இல்லாமல் அந்தக் குரல் அந்த லாரியைத் தாண்டி எட்டியிருக்காது.

“நன்றி என்னத்துக்கு? நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்” என்றான் லாரிக்காரன். “காலையிலேருந்து ‘திரும்பிப் போங்க, திரும்பிப் போங்க’ன்னு கெஞ்சினீங்களே. இத்தனை வருஷத்துல நீங்க சொல்லி நாங்க கேக்காதது இன்னைக்கு ஒரு நாள்தான், அண்ணே!”