ஒரு கிலோ ஈயம்

நேர்கோட்டுப் பந்தயக் காரில் விதித்த அளவைவிட எடை குறைந்தால் ஈயக்கட்டியைப் பின்சக்கரத்தை ஒட்டித்தான் பொருத்த வேண்டும். அப்போதுதான் கிளம்பும்போது சக்கரம் தரையைக் கவ்வும். மெக்கானிக்குக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

அவர் பராமரித்த காரை ஓட்டிய அவருடைய மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஆனாலும் ஆளில்லாத காரை எடைமேடையில் ஏற்றினால், முள் அவளையும் சேர்த்தே காட்டியது. ஐம்பத்திரண்டு கிலோ கூடுதல். ஞாயிறு தவறாமல் அவரும் மனைவியும் ஏற்றிப் பார்ப்பார்கள்.

இன்று ஐம்பத்தொன்று.

"ஒரு கிலோ இளைச்சிருக்கா," என்றார் மனைவியிடம்.

"வேளாவேளைக்குச் சாப்பிடறாளோ என்னமோ," என்றாள் அவள்.

அவர் ஒரு கிலோ ஈயக்கட்டியை எடுத்தார். பின்சக்கரத்துப் பக்கம் போகவில்லை. ஓட்டுநர் இருக்கையில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார்.