பாவில் சொட்டிய இனிப்பு

"நாக்குல வெச்சுப் பார்த்தேன், தித்திக்குது. சர்க்கரைத் தண்ணியேதான்பா," என்றார் சபாபதி.

மாசி மாதக் காலை. முகூர்த்தப் புடவைக்காக அவர் தெருவில் நீளவாட்டில் இழுத்து விரித்திருந்த பட்டு நூல் பாவு முழுவதும் பிசுபிசுப்பான துளிகள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

எல்லோர் பார்வையும் எதிர்வீட்டு நெசவாளர் மயில்வாகனத்தின் மேல் திரும்பியது. அந்தப் புடவையை நெய்யும் வாய்ப்பைச் சபாபதியிடம் இழந்தவர் அவர்.

"நீதானே ஊத்தின?" என்றார் சபாபதி.

மயில்வாகனம் தலைக்கு மேலிருந்த மாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஆமாண்ணா. தப்புதான்."

தெரு நாட்டாண்மைக்காரர் உடனே தீர்ப்பளித்தார். ஒரு மாதம் மயில்வாகனம் தெருவில் பாவு விரிக்கக் கூடாது. பாவு விரிக்காவிட்டால் அவர் தறி ஓடாது. ஆயினும் மறுபேச்சின்றித் தலையசைத்தார்.

பிறரைக் குற்றவாளியாக்க நமக்குத்தான் எத்தனை அவசரம்!

அவ்வழியே சைக்கிளில் வந்த விஞ்ஞான ஆசிரியர் தனசேகரன், பாவின் மேல் தத்திய ஒரு பூச்சியைக் கைக்குட்டையால் பிடித்தார்.

"கொசுவா சார்?"

"ஈயாட்டம் இருக்குதே."

"இரண்டும் இல்லை. இறக்கையைக் கூரைபோல் மடித்திருக்கிறது. வாய் ஊசியாக இருக்கிறது. செடியைக் குத்திச் சாறு உறிஞ்சும் இனம், தத்துப்பூச்சி. மேலே பாருங்கள், மாமரம் பூத்திருக்கிறது. குடித்த சாற்றில் மிஞ்சியது பூச்சியின் பின்வழியாக இப்படிச் சொட்டும்."

சபாபதி துண்டால் நாக்கைத் துடைத்தார். "அப்ப நான் ருசி பார்த்தது..."

"அதேதான்."

தெருவே சிரித்தது.

"ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள், போய்விடும்," என்றார் ஆசிரியர்.

மயில்வாகனம் மட்டும் கவலையோடு கேட்டார். "மரத்தை வெட்டணுமா சார்?"

"எதற்கு? விவசாய ஆபீசில் மருந்துத்தூள் தருவார்கள். தூவினால் போதும்."

மயில்வாகனத்தின் முகம் மலர்ந்தது.

சபாபதிக்கு விளங்கவில்லை. "ஏம்பா, செய்யாத தப்பை எதுக்கு ஒத்துக்கின?"

"வருஷா வருஷம் மாசியில என் பாவு மேலயும் சொட்டிக்கினுதாண்ணா இருக்குது. மரத்துலேர்ந்துன்னு சொன்னா, நீங்க கோடாலியோட வருவீங்க. புருஷனில்லாத காமாட்சியம்மா, இந்த மரத்து மாவடுவை ஊறுகாய் போட்டு வித்துத்தானே ரெண்டு புள்ளைங்களுக்குச் சோறு போடுது?"