ஈயப் பெட்டி

"கிட்ட வராத சுஜி! அப்பாகிட்ட போ!"

கொல்லைக் குழாயடியிலிருந்து ஜெயசீலி போட்ட அதட்டலில் மூன்று வயதுக் குழந்தை பின்வாசலிலேயே நின்று உதட்டைப் பிதுக்கியது. தயாளன் வந்து தூக்கிக்கொண்டான். ஊரப்பாக்கம் முழுக்க அவனைத் திருடனாகப் பார்க்கிறது. பெண்டாட்டி மட்டும் வேறு மாதிரியா பார்ப்பாள்?

போன மாதம் அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று அவளே வந்து சொன்னாள். பிறகு ஓய்வுக்கென்று அனகாபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், அவன் வேனில் ஏற்றிய பெட்டி தொலைந்த மறுநாள் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தனித் தட்டு, தனிப் பாய். முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று முதலில் அவனுக்குத் தோன்றியது. இப்போது எதுவுமே தோன்றவில்லை.

தயாளன் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். விமானத்தில் வந்த ஈயப் பெட்டி ஒன்றை மீனம்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போனான். உள்ளே இருந்தது கதிர்வீச்சுப் பொருள். குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க அது வேண்டுமாம். கொட்டுகிற மழையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது வேனின் பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காணோம்.

"காயலான் கடையில போட்டுட்டியா?" இதைக் கேட்காத ஆளில்லை.

இன்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதிகாரி ஷ்யாம்சுந்தர் கையில் கதிர்வீச்சை அளக்கும் கருவி. கூடவே ஒரு போலீஸ்காரர். பரண், பீரோ, கட்டிலடி என்று எல்லாவற்றையும் கிளறினார்கள். கருவி எப்போதாவது ஒரு 'டிக்' போட்டதோடு சரி.

சமையலறைக்குள் நுழைந்ததும் அந்த டிக் டிக் வேகமெடுத்தது. கொல்லையில் கால் வைத்ததும் அலறியது.

"அப்பிடிப் போடு! இங்கதான் கீது சார்!" போலீஸ்காரர் வாளியை எட்டி உதைத்தார். வெறும் தண்ணீர்தான். ஷ்யாம்சுந்தர் கருவியை மதில் பக்கம் திருப்பினார், சத்தம் குறைந்தது. ஜெயசீலி பக்கம் திருப்பினார், காது கிழிந்தது.

"சேலைக்குள்ள இன்னாமா வச்சிகினு கீற? எட்த்துடு."

ஜெயசீலி தலைப்பைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு குனிந்து நின்றாள்.

"எங்க வச்சிருக்க சீலி? குடுத்துடு, முடிஞ்சு போகட்டும்." தயாளனின் குரலில் கோபம்கூட இல்லை. யாரோ பேசுவதுபோல அவனுக்கே கேட்டது.

அப்போது ஷ்யாம்சுந்தரின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர், தயாளன் பக்கம் திரும்பினார்.

"பெட்டி கெடச்சிடுச்சாம். வண்டலூர் தாண்டி, ரோட்டோர முள்ளுச்செடிக்குள்ள கெடந்திருக்கு. பூட்டுகூட உடையல. வேன்லேருந்து விழுந்துதான் இருக்கணும்... ஸாரி தயாளன்."

போலீஸ்காரர் உருண்ட வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். தயாளன் தலையாட்டினான். கண்ணீராவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கருவி மட்டும் அலறலை நிறுத்தவில்லை.

"பெட்டி அங்க இருக்குன்னா, இது ஏன் சார் இப்படிக் கத்துது?" என்றான்.

ஷ்யாம்சுந்தர் ஜெயசீலியையே பார்த்தார். தயாளனின் தோளிலிருந்து சுஜி அம்மாவை நோக்கிக் கையை நீட்டினாள். ஜெயசீலி மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டாள்.

"கழுத்துல எடுத்தது கேன்சர் கட்டிங்க... அதுக்குக் குடிச்ச கதிர்வீச்சு மருந்துதான் கத்துது."