கணக்கு பஸ்

ஆளில்லாத லெவல் கிராசிங்கில் பஸ்ஸை நிறுத்தினேன். ரேடியோவையும் ஹீட்டரையும் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அது சட்டம். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்திலெல்லாம் நின்று, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று சட்டத்தில் இல்லை.

மூடுபனி படியேறி உள்ளே வந்தது. சோளக்காடு, சாலை, வானம் எதையும் காணோம். அயோவாவில் அக்டோபர் காலை இப்படித்தான். உலகத்தை இன்னும் வரைந்து முடிக்காத மாதிரி இருக்கும்.

நாற்பத்தெட்டு இருக்கைகள். ஒரே ஒரு பிள்ளை. ஏழாவது வரிசையில், ஜன்னலோரமாக, மடியில் கணக்கு நோட்டோடு யாரெட்சி.

அவள் எட்டாம் வகுப்பு. கணக்கில் மட்டும் பத்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் வைத்த தேர்வில் தேறியவர்களை, முதல் பாடவேளைக்கு மட்டும் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை.

ஆகஸ்டில் மூன்று பேர் ஏறினார்கள். மற்ற இருவரும் எண்பதுக்குக் கீழே வாங்கி, எட்டாம் வகுப்புக் கணக்குக்கே திரும்பிவிட்டார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதில்லை.

இன்று யாரெட்சிக்குத் தேர்வு. போன தேர்வில் சரியாக எண்பது.

இவளும் போய்விட்டால் எனக்குத் தாங்காது. அதை அவளிடம் சொன்னதில்லை.

"படிச்சியா?" என்று ஏறும்போதே கேட்டிருந்தேன்.

"தம்பிக்கு ராத்திரி பூரா ஜுரம், லவோன் மிஸ். அம்மாவுக்குக் கறி ஃபேக்டரில நைட் ஷிப்ட். ஒண்ணே ஒண்ணுதான் புரியல. அது வந்துட்டா எல்லாம் வந்துரும்."

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?

ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். குறுக்கே ஒரு விட்டம். மேலே ஒரு புள்ளி. அதிலிருந்து விட்டத்தின் இரண்டு முனைக்கும் கோடு. சட்டைக் கையால் அழித்தாள். புள்ளியை நகர்த்தி மறுபடி போட்டாள்.

"எங்க வச்சாலும் இந்த மூலை செங்கோணமாவே வருது மிஸ். எப்படித்தான் வருதோ!"

பயம் எனக்குத்தான். அவள் குரலில் மருந்துக்கும் பயமில்லை. தேர்வையே மறந்துவிட்டவள் மாதிரி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஏழு பத்து. இப்போது கிளம்பினால் ஏழு இருபதுக்கு வினாத்தாள் அவள் முன்னால் இருக்கும். பஸ் தாமதமானால் பிள்ளைமேல் குற்றமில்லை. ஆசிரியர் முழு நேரமும் கொடுத்தாக வேண்டும். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

கதவை மூடக் கை வைத்தேன்.

"மிஸ், ரயில் வருது போல."

அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

"ஆமா, கூட்ஸு. நீளமான வண்டியா இருக்கும்."

காத்திருந்தோம். சோளம் ஏற்றிய பெட்டிகள். பனியில் ஒன்றும் தெரியாததால் மனத்தாலேயே எண்ணினேன். ஒன்று, இரண்டு, பத்து, முப்பது. குளிர் காலில் ஏறியது. அந்த எண்ணிக்கையில் பாதி உறங்கியே போனேன்.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தபோது, ஜன்னலில் வட்டத்தின் நடுவிலிருந்து மேல் புள்ளிக்குப் புதிதாக ஒரு கோடு இருந்தது. யாரெட்சி அசையாமல் இருந்தாள். பிறகு தனக்குள்ளேயே சிரித்தாள்.

"அட, இவ்வளவுதானா! ஒரே ஒரு கோடு மிஸ்!"

நோட்டை மூடிப் பையில் போட்டாள்.

"ரயில் போயிருச்சு."

"போயிருச்சு," என்று சொல்லிக் கதவை மூடினேன்.

பள்ளி வாசலில் இறங்கியவள் ஓடிய ஓட்டத்தில் கையசைக்கக்கூட மறந்துவிட்டாள்.

பதிவேட்டில் எழுதினேன்: பதினாறு நிமிடம் தாமதம். காரணம், ரயில்.

டிப்போவில் கையெழுத்துப் போடுகிறவர் மெர்ல். அதைப் படித்துவிட்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னை நிதானமாகப் பார்த்தார்.

அந்தப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பலகையை எடுக்கத்தான் மறந்துவிட்டார்கள். மெர்ல் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் வேலிக்குத் தூணாக நிற்பதே அந்தத் தண்டவாளத் துண்டுகள்தான்.

"புள்ளைக்குப் பரீட்சையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.