திராட்சைக்குக் காவல்

"இது திருட்டு. பட்டப்பகல் திருட்டு" என்றார் லீவன்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து நூற்பாலை முதலாளி அவர். ஓவியரின் வரைகூடத்தில், சொந்தச் செலவில் வரையச் சொன்ன ஓவியத்தின் முன் நின்று, கைத்தடியால் ஓர் இடத்தைக் காட்டினார்.

அசேலியாப் பூக்கள் பறித்துவிடலாம் போலிருந்தன. ஆப்பிளின் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் மின்னியது. நடுவில் இருந்த திராட்சைக் குலைதான் பாதி. மீதி வெறும் காம்பு.

அது 1846, மார்ச் மாதம். ஊரில் எந்தக் கொடியும் இன்னும் துளிர்க்கவில்லை. லீவன் கண்ணாடி வீடு கட்டி, குளிர்காலம் முழுக்க நிலக்கரி எரித்துப் பழுக்க வைத்த குலை அது. தன் சாப்பாட்டு மேசைக்குக்கூட அதை அவர் அனுப்பவில்லை. வீட்டில் யார் கேட்டாலும் ஒரே பதில்: அது படத்துக்கு.

ஓவியர் பெர்லிந்தா தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு பூவாக வரைந்து வந்ததாகவும், குலைக்கு வந்தபோது இவ்வளவுதான் மிச்சம் இருந்தது என்றும் சொன்னாள். கண்முன் இல்லாததை அவள் வரைவதில்லை.

"எப்படிம்மா இல்லாமப் போகும்? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

அவள் அடுத்த தூரிகையை எடுத்துத் துடைத்தாள்.

"கை பாட்டுக்கு வரையுது, வாய் பாட்டுக்குத் தின்னுது. நல்ல பிழைப்பு."

ஊரின் ஓவியக் கண்காட்சிக் குழுவில் தானும் ஒருவர் என்பதை அவர் நினைவூட்டினார். இந்தப் படம் மட்டுமல்ல, இனி அவளுடைய எந்தப் படமும் இந்த ஊரில் சுவரேறாது என்றார்.

படம் வரைவதைத் தவிர அவளுக்கு வேறு வருமானம் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

லீவன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி கொலேட்டா பக்கம் திரும்பினார்.

"ஒரு பழம் குறையக் கூடாதுன்னுதானே உன்னைத் தினமும் இங்க காவலுக்கு அனுப்பினேன்? நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

கொலேட்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு மெதுவாக எழுந்தாள்.

"தின்னுட்டு இருந்தேங்க" என்றாள். "ஆசையா இருக்கு, நாலு பழம் குடுங்கன்னு உங்ககிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். இவங்ககிட்ட கேட்கவே இல்லை. இவங்களாவே தட்டை என் பக்கம் நகர்த்தி வெச்சாங்க."