ஏழு படி

பாவாயி தன் வீட்டு வாசலுக்கு நாலு படி கட்டியதுதான் குற்றம்.

அவள் வீடு மணிமுத்தாற்றங்கரையில் இருந்தது. போன ஐப்பசியில் வெள்ளம் உள்ளே புகுந்தபோது, கைக்குழந்தையைப் பரணில் ஏற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் அரைநாள் நின்றவள் அவள். அதனால் இந்த ஆனியில் புருஷன் செங்கோடனும் அவளுமாக மண் சுமந்து வீட்டுத் தரையை நாலு படி உயரத்துக்கு உயர்த்திவிட்டார்கள். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை கூரையில் முட்டியது. முட்டினால் என்ன, குழந்தை பிழைக்குமே.

ஊர்க்கூட்டத்தில் தீர்த்தகிரி எழுந்தார். ஊர் வழக்கத்தைக் காப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேறு வேலையும் அவருக்கு இல்லை.

“ஊர்க்கவுண்டரூட்டுக்கு மூணு படி. மத்தது யாரு ஊடா இருந்தாலும் அதுக்கு ஒரு படியாச்சும் கொறைச்சலா இருக்கோணும். தாத்தன் காலத்து ஊர்க்கட்டுப்பாடு இது. இவ நாலு வெச்சிருக்கறா. கேக்க ஆளில்லீங்களா?”

எல்லோரும் ஊர்க்கவுண்டர் காளியண்ணனைப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, தண்ணி உங்க கட்டக் கேட்டுக்கிட்டா வருது?” என்றாள் பாவாயி. “கொழந்தைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?”

காளியண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“கட்டுன்னா கட்டுத்தான். ரெண்டு படியா இடிச்சுருங்க.”

செங்கோடன் மறுநாளே கடப்பாரையை எடுத்தான். சுமந்து கொட்டிய மண்ணை அவனே வெட்டி வெளியே போட்டான்.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் நின்றது. வண்டியில் எட்டு இரும்பு ஜாக்கி. கூடவே சரவணமுத்து. தடம் புரண்ட ரயில் பெட்டியைத் தூக்கி வைக்கும் வேலையில் இருந்தவர். வேலையை விட்ட பிறகு சொந்தமாக ஜாக்கி வாங்கி வைத்துக்கொண்டு வீடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“இங்க வெள்ளம் எதுவரைக்கும் வருமுங்க?” என்று கேட்டார்.

“இங்கியா? இது மேடு. எங்கப்பன் காலத்துலயும் வந்ததில்ல,” என்றார் காளியண்ணன்.

“அப்புறம் எதுக்குங்க தூக்கறது?”

“ஏழு படிக்குத் தூக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

கூரை ஓடுகளைப் பிரித்து இறக்கினார்கள். தூணுக்கு ஒரு ஜாக்கி, ஜாக்கிக்கு ஓர் ஆள். சரவணமுத்து குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் கம்பியைத் திருகினார்கள். தூணும் சட்டமும் அப்படியே நூல் நூலாக மேலே ஏறின. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அடியில் கல் கொடுத்து, சுவரை எழுப்பி, தரையில் மண் நிரப்பினார்கள்.

மண் சுமக்கும் கூலி வேலைக்குப் பாவாயியும் வந்தாள். வேறு வழி?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

“அவ நாலு படி வெச்சது பொறுக்கல. தனக்கு ஏழாம்,” என்றாள் நல்லம்மாள் கிணற்றடியில்.

“மேட்டுல இருக்கறவனுக்கு ஏணி. பள்ளத்துல இருக்கறவளுக்குக் கடப்பாரை,” என்றான் இன்னொருவன்.

கவுண்டர் பெண்சாதி ராமாயிக்கே பொறுக்கவில்லை. “மூணு படி ஏறவே எனக்கு முழங்கால் நோவுது. ஏழு படிய நான் தவந்துதான் ஏறோணும். இந்த வயசுல என்னங்க பெருமை உங்களுக்கு?”

தீர்த்தகிரி ஒருவர்தான் குளிர்ந்து போயிருந்தார். “ஊர்க்கவுண்டர்னா இப்படி ஒசந்து நிக்கோணும், மாப்புள,” என்று தினமும் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

இருபது நாளில் வேலை முடிந்தது. சரவணமுத்து ஜாக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசிக் கூடை மண்ணைக் கொட்டிவிட்டு வந்த பாவாயி, புதுப் படிகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

“தண்ணியே வராத ஊட்டுக்கு ஏழு படிங்க. எம்பட கொழந்தை முங்கற ஊட்டுக்கு ரெண்டு. நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!”

வாசலில் நின்ற காளியண்ணனைப் பார்த்தே கேட்டாள். ஊர்க்கவுண்டரை முகத்துக்கு நேராக இப்படி ஒரு பெண் கேட்டதில்லை.

“கழுதை, யாருகிட்டப் பேசறே?” என்று தீர்த்தகிரி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

காளியண்ணன் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தார்.

“அவள உடுங்க, மாமா. அன்னைக்குக் கூட்டத்துல ஒரு கட்டுச் சொன்னீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க. இத்தனை பேரும் கேக்கட்டும்.”

தீர்த்தகிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “இதுல என்ன மாப்புள? யாரு ஊடா இருந்தாலும் ஊர்க்கவுண்டரூட்டுக்கு ஒரு படி கொறைச்சலா…”

பாதியில் அவர் பார்வை அந்த ஏழு படிகளின் மேல் விழுந்தது.

“வண்டிய ஆத்தோரம் ஓட்டுங்க, சரவணமுத்து,” என்றார் காளியண்ணன். “ஐப்பசிக்கு முன்னால அங்க இருக்கற அத்தனை ஊட்டையும் தூக்கிரோணும். பாவாயி ஊட்டுல ஆரம்பிங்க. ஆறு படி!”